மண்ணு ஆன்ட்டி புதைத்த வேட்டி

அரபு நாட்டு அல் குசைஸில் நம் பில்டிங்கில் குடியிருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தித் திட்டு வாங்குவோருக்கும் கனத்த இதயத்தோடு அறிவிக்க வேண்டிய முக்கியச் செய்தி ஒன்று இருக்கிறது. நமது லிஃப்டில் கடந்த ஆறு வாரங்களாக ஒரு சிட்டிகை மணல்கூட இல்லை. தரை பளபளக்கிறது. இந்த பில்டிங்கைக் கூட்டிப் பெருக்கிக் காவலும் காக்கும் நாத்தூர் ஷாஜி சேட்டன், விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் வேலையில்லாமல் நிற்கிறார்.

மணல் கொண்டுவந்தவர் போய்விட்டார். செய்தி அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி 304-இல் இருந்த டாக்டர் ஜெசிந்தா லீவில் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி போன் செய்தார். "அக்கா காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தா. காப்பி கேட்டா. நான் போட்டுக் கொண்டுவாரதுக்குள்ள போயிட்டா" என்றார். அம்மா போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்கவில்லை. ஓர் அப்பளம் கருகியது. மற்ற நாளாக இருந்தால் அந்த அப்பளத்தை வைத்தே நான் நாலு ஜோக் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதை அப்படியே தின்றேன்.

அவருடன் வேலை பார்த்தவர்களும் நம் பில்டிங்வாசிகளும் சேர்ந்து போடும் இந்தச் சிறு நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னதற்குக் காரணங்கள் இரண்டு. தமிழில் தன் பெயருக்கு மேல் ஒரு வரி எழுதத் தெரிந்த பையன் இந்த பில்டிங்கில் நான் ஒருவன்தான். மற்ற பசங்கள் ஆளுக்கொரு ஆங்கில எஸ்எம்எஸ் அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். இரண்டாவது காரணம், ஆன்ட்டியின் ஆராய்ச்சியை ஆபத்திலிருந்து காப்பாற்றியவன் நான் என்பது ஐந்து மாடிகளும் அறிந்த வரலாறு. அடக்கம் கருதி அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அவர் குடிவந்த வாரம் அவரைப் பற்றிக் கிடைத்த தகவல், டாக்டர் என்பது. அம்மா உடனே தன் முழங்கால் வலியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஏறிய வலியோடு இறங்கினாள். அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, மண்ணில் எது எப்படி ஊசிப்போகிறது என்று ஆராயும் டாக்டர். வாரம் ஒருமுறை பாலைவனத்திலிருந்து பை பையாக மண்ணைக் கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றுவார். ஷாஜி சேட்டன் மலையாளத்தில் புலம்புவார், ஆன்ட்டி தூத்துக்குடித் தமிழில் பதில் சொல்வார். "சேட்டா, இது குப்பை இல்ல. இதுக்குள்ள எத்தன பேரு குடியிருக்காவன்னு தெரியுமா? ஒங்க பில்டிங்கைவிடக் கூட்டம்." பசங்கள் அவருக்கு மண்ணு ஆன்ட்டி என்று பேர் வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தேன்.

அவர் கதவில் நான் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். "இங்கு சுத்தமான மண் கிடைக்கும். தலையிலும் வாயிலும் போட்டுக்கொள்ள ஏற்றது." மறுநாள் காலை எங்கள் வீட்டு மிதியடியில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. லேபிளில் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் எழுதியிருந்தது: "மாதிரி: களிமண். எடுத்த இடம்: கார்த்தியின் மண்டை." அப்பா அதைப் படித்துவிட்டு மூச்சுத் திணறச் சிரித்தார். எனக்குச் சமமான எதிரி ஒருவர் இந்த பில்டிங்குக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் பரம சந்தோஷம். அன்று சாயங்காலமே போய்க் கதவைத் தட்டினேன். "வால மண்ணாந்தை" என்று கதவைத் திறந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அவர் காலையிலேயே தனியாக பாலைவனத்துக்குக் கிளம்புவதைப் பார்த்த அம்மா, "துணைக்கு ஒரு ஆம்பளப் புள்ள வரட்டும்க்கா" என்று என்னைக் காரில் ஏற்றிவிட்டாள். அந்த ஆம்பளப் புள்ள தைத் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஆன்ட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடியே மணலில் வண்டியை ஓட்டினார். "துணைக்கு வந்தியா, தொணதொணக்க வந்தியால?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்காகவே அவரை என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

நாங்கள் போன இடம் ஒரு அர்பாபுடைய தீவனப் பண்ணை. அர்பாப் என்றால் முதலாளி. அங்கே மூன்று வகை நிலம் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தது. ஒன்று, யாரும் விதைக்காமல் தானாகவே வளர்ந்த புல்வெளி. குத்துக் குத்தாகப் புல், நடுவே மணல், தூரத்தில் நாலு ஒட்டகம். இரண்டு, அதே புல்வெளியை உழுது கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி மாட்டுத் தீவனப் புல் போட்டிருந்த வயல். மூன்று, அப்படிப் பயிர் வைத்து, உப்புப் பூத்ததும் கைவிட்ட நிலம். உழுது பயிர் வைத்தால் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் ஆன்ட்டியின் கேள்வி. நான் முதலில் அவற்றைக் கிருமி என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கிருமின்னு சொல்லாதல. அதுக பாட்டுக்குக் குடும்பம் நடத்திட்டு இருக்கு. நாமதான் டிராக்டரோட போயிக் கதவ ஒடைக்கோம்."

ஒரு புல் குத்தைப் பக்குவமாகத் தோண்டி வேரைக் காட்டினார். வேரைச் சுற்றி மணல் உறைபோல ஒட்டியிருந்தது, உதறினாலும் உதிரவில்லை. "பாத்தியா, சாக்ஸ் போட்டிருக்கு. நம்மாளுக இதுக்குள்ளதான் இருக்காவ" என்று அறிமுகம் செய்துவைத்தார். பிறகு குத்தை அதே குழியில் வைத்து மூடி, பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதற்கு ஊற்றினார். திரும்பி வரும்வரை எனக்குத் தாகம்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பக்ரீத் முடிந்ததும் அந்தப் புல்வெளியையும் உழப்போவதாக அர்பாப் சொல்லிவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க உழாத நிலம் என்று அந்தப் பகுதியில் ஆன்ட்டிக்கு அனுமதி கிடைத்தது அது ஒன்றுதான். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். "ஒருவாட்டி உழுதுட்டா, முன்னால இங்க யாரு இருந்தாவன்னு கேக்கதுக்கு ஆளே கிடையாதுல" என்றார்.

வேலை என்னவென்றால் துணி புதைப்பது. வெள்ளைப் பருத்தித் துணியை ஒரே அளவில் கீற்றுகளாக வெட்டி, நம்பர் கட்டி, மூன்று நிலங்களிலும் ஒரே ஆழத்தில் புதைக்க வேண்டும். பருத்தி, நுண்ணுயிர்களுக்குச் சோறு. சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், எந்த நிலத்தில் எவ்வளவு சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும். எல்லாக் கீற்றும் ஒரே துணியிலிருந்து வர வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் புதைக்க வேண்டும். இல்லையென்றால் பந்தியில் ஒருவனுக்குப் பிரியாணியும் ஒருவனுக்குக் கஞ்சியும் போட்டுவிட்டு, யார் அதிகம் சாப்பிட்டான் என்று கேட்டது போலாகிவிடும். இடம் தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி நுனியை வெளியே விட்டார்.

வெள்ளைத் துணி, சிவப்பு நூல், நம்பர். மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டே புதைக்கும் ஒரு அம்மா. அவர் எண்ணிக்கையைத்தான் முணுமுணுத்தார். ஆனால் பண்ணைத் தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் இருந்த ஐந்து பேருக்கு அது எப்படித் தெரியும்? பரமக்குடிப் பக்கத்து ஆள்கள். அவர்களில் மூத்தவரும் டிராக்டர் ஓட்டுபவருமான முருகேசன் அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது, கேம்ப் வாசலில் பெரிய நீல வாளி. வாளியில் தண்ணீர். தண்ணீரில் ஆன்ட்டியின் துணிக் கீற்றுகள், மூன்று நிலத்துக் கீற்றுகளும், சிவப்பு நூலோடு. மேலே பாதி வெட்டிய எலுமிச்சை மிதந்தது.

"தப்பா நெனைக்காதீகம்மா" என்றார் முருகேசன் அண்ணன். "நீங்க பொதைச்சிட்டுப் போன மறுநாளே மோட்டாரு புகைஞ்சு போச்சு. சேகருக்குக் காய்ச்ச விடல. சரவணனுக்கு லீவு இல்லன்னுட்டாக. ஊருக்குப் போன் போட்டுப் பூசாரியக் கேட்டோம். செய்வினைதான், தோண்டி எடுத்துக் கடல்ல கரைங்கன்னாரு."

"கடல்லயா?"

"ஆமாம்மா. இங்கருந்து கடலுக்குப் போகணும்னா தண்ணி வண்டிக்காரன் வரணும். அவன் புதன்கிழம வரல. அதான்…"

சேகர் உள்ளேயிருந்து போர்வைக்குள் இருந்தபடியே முடித்துவைத்தார்: "உப்புப் போட்டுக் கடலா ஆக்கிட்டோம்."

கடலுக்குப் போக முடியாததால் கடலை வரவழைத்திருந்தார்கள். ஒரு மூட்டை உப்பு. துணியில் ஏறியிருந்த நுண்ணுயிர்க் கூட்டம் மொத்தமும் அதில் ஊறுகாய். ஆன்ட்டி வாளியைப் பார்த்தார், புல்வெளியைப் பார்த்தார், விரல்விட்டுப் பக்ரீத் வரை வாரங்களை எண்ணினார். புதிதாகப் புதைக்க நாள் இருந்தது, துணி இல்லை. கொண்டுவந்த துணி முழுவதையும் வெட்டியாகிவிட்டது. நகரத்துக்குத் திரும்பி வேறு துணி வாங்கி அடுத்த வாரம் வந்தால், பக்ரீத்துக்குள் எடுக்கும் கணக்கு இடிக்கும்.

பில்டிங் அறிந்த வரலாற்றின்படி, அப்போது நான் எழுந்தேன். வாளிக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணன்மாரே, இது செய்வினை இல்லை, செயப்பாட்டு வினை. துணி தின்னப்படுகிறது, அவ்வளவே" என்று ஆரம்பித்து, மண்ணுயிர் என்ற சொல்லில் மண்ணும் இருக்கிறது உயிரும் இருக்கிறது என்று விளக்கி, கால் மணி நேரம் பேசினேன். முருகேசன் அண்ணன் கண்கலங்கினார். உள்ளே போய், தங்கை கல்யாணத்துக்கு உடுத்துவதற்காக தேரா கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த புது எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதை வெட்டித்தான் அன்று எல்லாவற்றையும் மறுபடி புதைத்தோம். ஆராய்ச்சி பிழைத்தது. இந்த வரலாற்றை நான் லிஃப்டிலும், மொட்டை மாடியிலும், ஓணம் சத்யா விருந்திலும், ஆர்குட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

வேட்டி வேட்டிதான், அதில் பொய் இல்லை. ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்து, மடித்து முருகேசன் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார் ஆன்ட்டி. "கரைய நம்மாளுக சாப்பிட மாட்டாவ, நீங்க வச்சுக்கோங்க." புதைக்கும்போது ஐந்து பேரும் குழி தோண்டினார்கள். காய்ச்சல்கார சேகர் நம்பர் எழுதினார்.

பக்ரீத்துக்கு முந்தைய வாரம் எடுத்தோம். இடையில் ஒருநாள் தூறல் விழுந்திருந்தது. தண்ணீர் பாய்ந்த தீவன வயலில் கீற்றுகள் கையோடு பிய்ந்து வந்தன, கறுத்து, பிசுபிசுத்து. கைவிட்ட நிலத்தில் வேட்டி கடையில் இருந்த மாதிரியே வந்தது, இஸ்திரி போட்டு உடுத்திக்கொள்ளலாம். அங்கே சாப்பிட ஆளே இல்லை. பயிரும் போய், பழைய குடிகளும் போய், வீடு காலி. பழைய புல்வெளியில்தான் வேடிக்கை. புல் குத்துக்கு இடையில் இருந்த கீற்று முழுசாக இருந்தது. வேருக்குப் பக்கத்தில் புதைத்தது பொடிப்பொடி ஓட்டையாக, பூ வேலை செய்த கைக்குட்டை போல இருந்தது. ஆன்ட்டி அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவர் முகத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. அந்த முகத்தை நான் வேறு எந்த நாளும் பார்க்கவில்லை, பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்.

"அளவாச் சாப்பிட்டிருக்கு பாரு" என்றார். "வயல்ல வாரி அடிச்சுட்டாவ. இங்க உள்ளவுக, இருக்கத வச்சுக் காலத்த ஓட்டத் தெரிஞ்சவுக. இவுகளக் கலைச்சுட்டா லேசுல திரும்ப வர மாட்டாவ."

"எங்க வேட்டிக்கு இம்புட்டு மதிப்பா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"ஒங்க வேட்டிதான்யா இந்த வருசத்து ஆராய்ச்சியே."

பெருநாள் முடிந்து உழவு நடந்தது. அர்பாப் சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் கிழக்கு மூலையில், ஒரு பெரிய ஹால் அளவுக்குப் புல்வெளி உழாமலே நின்றது. டிராக்டர் அங்கே திரும்ப வசதிப்படவில்லை என்று முருகேசன் அண்ணன் அர்பாபிடம் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது டிராக்டர் ரவுண்டானா சுற்றுவது போல அந்த மூலையிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி டிராக்டரைப் பார்த்துக் கையசைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் அந்த மூலைக்குப் போய்வந்தார், மண் எடுத்தார், லிஃப்டை நிறைத்தார். ஒருமுறை ஊரிலிருந்து வரும்போது முருகேசன் அண்ணனுக்கு ஒரு வேட்டியும், கேம்ப்பில் எல்லோருக்கும் மக்ரூனும் கொண்டுவந்தார்.

இனி எழுத வேண்டிய பகுதி எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல.

போன வாரம் 304-இல் ஆன்ட்டிக்காக எல்லோரும் கூடினோம். முருகேசன் அண்ணனும் சேகர் அண்ணனும் ஒரு நாள் லீவு கேட்டு, பண்ணை பிக்கப்பில் தைத் வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நம் பில்டிங்வாசிகள் வழக்கம்போல, "கார்த்தி அன்னைக்கு என்ன பேச்சுப் பேசினானாமே, நீங்க சொல்லுங்க" என்று முருகேசன் அண்ணனைக் கேட்டார்கள். நான் சமோசாவை வாயில் வைத்தபடி நின்றேன். முருகேசன் அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில் அம்மா ஆன்ட்டியைக் கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. "அவன் சொல்லுதாம்லா, கேளேன் சுதா." ஆக, இரண்டு பேர் சேர்ந்து என் மானத்தைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். ஒருவர் போய்விட்டார். மீதிச் சுமையை முருகேசன் அண்ணன் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. எனவே நடந்ததைச் சொல்கிறேன்.

முதல்முறை நாங்கள் புதைத்த அன்று, ஆன்ட்டி புல்வெளியில் இருந்தபோது, முருகேசன் அண்ணன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, அந்தம்மா என்னத்தப் பொதைக்கிறாக?" ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லக் கூடாதுண்ணே. நூலை மட்டும் தாண்டாதீங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காரில் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். பூசாரிக்குப் போன் போனது என்னால். உப்பு மூட்டை என்னால். வேட்டி வெட்டுப்பட்டதும் என்னால்.

வாளியைப் பார்த்த நாளில் நான் எந்தச் சொற்பொழிவும் ஆற்றவில்லை. எல்லாவற்றையும் ஆன்ட்டிதான் செய்தார். கோபப்படாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, துணி எதற்கு, நூல் எதற்கு, முணுமுணுப்பு எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "தப்பு எம்மேலதான். வந்த அன்னைக்கே ஒங்கள உக்கார வச்சுச் சொல்லிருக்கணும்" என்றார். அப்போதுதான் முருகேசன் அண்ணன், தம்பி இப்படிச் சொன்னான் என்பதைச் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, உள்ளே போய் வேட்டியை எடுத்துவந்தார்.

ஆன்ட்டி எழுந்து காருக்கு வந்தார். கண்ணாடியைத் தட்டினார். நான் இறக்கினேன். என்ன திட்டு வரும் என்று காத்திருந்தேன். "பசிக்குதால? மீன் கொழம்பு வச்சிருக்காவ, வா" என்றார். நான் போனேன். ஐந்து பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். முருகேசன் அண்ணன் என் தட்டில் மீனை வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஆன்ட்டி சொன்னார்: "கேட்டவனுக்கு உள்ளதச் சொல்லிரணும்ல. அதுவும் ஊர் விட்டு ஊர் வந்து ஒத்தையில கெடக்கவனுக்கு ஒடனே சொல்லிரணும்."

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். குறும்பை விடப்போவதாக யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஆனால் ஒருவர் பயந்துபோய் ஒன்றைக் கேட்டால், இப்போதெல்லாம் என் வாய் முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஜோக் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடைசியாக ஒன்று. "அப்போது நான் எழுந்தேன்" என்று மேலே எழுதியிருக்கிறேனே, நான் எழுந்திருக்கவே இல்லை. வாளியைக் கண்டதுமே காருக்குள் ஓடி, நாலு கதவையும் பூட்டிக்கொண்டு, ஆன்ட்டி வந்து தட்டும்வரை பின்சீட்டுக்கு அடியில் படுத்திருந்தேன்; அங்கே பேசியதெல்லாம் பின்னால் சேகர் அண்ணன் சொல்லித் தெரிந்தது. அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். சிக்னல் இல்லை.